என்னை வைத்துவிட்டுப் போனவள்

நான் கண்டெடுக்கப்பட்ட குழந்தை. இது எனக்குத் தெரியவந்த நாள் என்று ஒன்று கிடையாது. மற்ற பிள்ளைகளுக்குத் தங்கள் பெயர் தெரிவதுபோல எனக்கு இது எப்போதுமே தெரியும். அம்மா எதையும் மறைக்கவில்லை. பூண்டு உரித்துக்கொண்டோ, என் தலையில் பேன் பார்த்துக்கொண்டோ, நான் கேட்கும்போதெல்லாம் சொல்வாள். வில்பட்டியில் காய்கறி லாரிகள் வந்து நிற்கும் கொட்டகை. விடிந்தும் விடியாத நேரம். கேரட் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு குழந்தை. அப்பா அங்கே மூட்டை ஏற்றும் வேலையில் இருந்தார். அவருக்குக் காப்பி கொண்டுபோன அம்மாதான் முதலில் பார்த்தாள்.

"அழுதேனா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

"இல்ல. கொட்ட கொட்ட முழிச்சுக்கிட்டுக் கெடந்த."

அம்மாவுக்கு அப்போது மூன்று பையன்கள். கடைசிப் பையன் இன்னும் பால் மறக்கவில்லை. அந்தப் பாலில் எனக்கும் பங்கு கிடைத்தது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கிருந்தவர் விவரம் எழுதிக்கொண்டு, யாராவது தேடி வரும்வரை வீட்டில் வைத்திருங்கள் என்றாராம். யாரும் வரவில்லை. சில மாதங்கள் கழித்துக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். காகிதங்கள் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நான்காவது வாய் எதற்கு என்று கேட்டவர்களிடம், "மூணு தடியனுகளுக்கு ஒரு பொண்ணு இருந்துட்டுப் போகுது" என்பதற்கு மேல் அம்மா விளக்கம் சொன்னதில்லை. டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தின் லாண்டரியில் அவளுக்கு வேலை. காலையில் மலை ஏறி நடந்து போய், நாள் முழுதும் போர்வைகளை அலசி, விரல் நுனிகள் சுருங்கிப்போய்த் திரும்புவாள். அந்த விரல்களால்தான் எனக்குச் சோறு பிசைந்து தருவாள்.

பள்ளியில் எனக்குக் கேரட்டு என்று பெயர். என்னை அப்படிக் கூப்பிட்ட ஒருவனின் பல்லை இரண்டாவது அண்ணன் உடைத்துவிட்டு, அதற்காக வாத்தியாரிடம் அடிவாங்கினான். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் வாங்கினான். ஆனால் அன்று அவன் தட்டில் மட்டும் இரண்டு முட்டைகள் இருந்தன.

ஆகவே, நான் அன்புக்கு ஏங்கி வளர்ந்தவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெற்றவர்களைத் தேடிப் போகவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இருந்தாலும் ஒரு பழக்கம் இருந்தது. எனக்குக் காது மடல்கள் கன்னத்தோடு ஒட்டினாற்போல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனால், சாமான் வாங்குகிற சாக்கில் வயதான பெண்களின் காதுகளைப் பார்ப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. பிறகு ஏரிக்கு மேலே ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. இன்றுவரை அதே வேலைதான். வருகிறவர்களிடம் பெயர், அப்பா பெயர், சொந்த ஊர் எல்லாம் கேட்டுப் பதிவேட்டில் எழுதவேண்டும். எல்லோரும் யோசிக்காமல் சொல்வார்கள். சொந்த ஊரை யோசிக்காமல் சொல்வது எவ்வளவு பெரிய வசதி என்று அவர்களுக்குத் தெரியாது.

என் இரண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ பாசிட்டிவ் என்று எழுதியிருந்ததால் அந்த வகை ரத்தத்தைக் கொண்டுவந்து பொருத்திப் பார்த்தார்கள். ஒன்றுமே சேரவில்லை. நன்றாகச் சோதித்தபோதுதான் என்னுடையது பாம்பே குரூப் என்று தெரிந்தது. ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கு இருக்கும், அந்த ஒருவருக்கு அதே வகை ரத்தத்தைத்தான் ஏற்ற முடியும். என் வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டுகிறவர். அவரும் அண்ணன்களும் எங்கெங்கோ போன் செய்து, கடைசியில் மதுரையிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து ரத்தம் கொடுத்தார். லேத் பட்டறையில் வேலை செய்கிறவராம். எனக்கு நினைவு திரும்புவதற்குள் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. இந்த வகை ரத்தம் தேவைப்படுகிறது என்று யார் எங்கிருந்து கூப்பிட்டாலும், உடம்பு இடம் கொடுக்கிறவரை போவேன் என்று அப்போது முடிவு செய்தேன். அதை ஒரு நேர்த்திக்கடன்போலத்தான் இன்றும் நினைக்கிறேன்.

அந்தச் சமயத்தில் ஒரு டாக்டர் கேட்டார், "உங்கள் அப்பா அம்மா சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா? இது பெரும்பாலும் அப்படிப்பட்ட குடும்பங்களில்தான் வரும்." எனக்கு அது தெரிய வழியில்லை என்றும், ஏன் வழியில்லை என்றும் சொன்னேன். பாவம், அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேகமாக அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு திண்டுக்கல், தேனி, மதுரை என்று ஆறு முறை போய்வந்தேன். ஏழாவது அழைப்பு மூன்று வருடங்களுக்கு முன்னால் வந்தது. திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனை. அறுபது வயது அம்மா ஒருவர் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, அறுவை சிகிச்சைக்கு ரத்தம் வேண்டும் என்றார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கினேன்.

அந்த அம்மாவின் மகன் வாசலிலேயே காத்திருந்தான். நாற்பது வயதிருக்கும். அய்யம்பாளையத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவன். நான் ரத்தம் கொடுத்து முடித்ததும் ஜூஸும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, கைகட்டி நின்றான். "அம்மா உங்களப் பார்க்கணும்னு சொல்றாங்க. தலை சுத்தல் இல்லைன்னா ஒரு நிமிசம் வர்றீங்களா?" என்றான்.

போனேன். காலில் எடை கட்டி, அசையாமல் படுத்திருந்த ஒல்லியான பெண். வெள்ளைத் தலை. பழக்கதோஷத்தில் காதைத்தான் முதலில் பார்த்தேன். கனமான தோடு போட்டுப் போட்டு மடல் இழுபட்டுத் தொங்கியது. அதிலிருந்து எதையும் சொல்லமுடியாது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எந்த ஊர் என்று கேட்டார்.

கொடைக்கானல் என்றேன். பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேயா என்றார். வில்பட்டியில் வளர்ந்தேன், அப்பா கேரட் கொட்டகையில் மூட்டை ஏற்றினார் என்றேன். நான் எப்போதும் சொல்கிற பதில்தான் அது.

அந்த அம்மா கும்பிட்ட கையை இறக்கினார். மகனிடம் வெந்நீர் வாங்கிவரச் சொன்னார். பக்கத்திலேயே பிளாஸ்க்கில் வெந்நீர் இருந்தது. அவன் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். வலியில் இருக்கிறவர்களின் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அதுவாக இல்லை.

"உன்னைய நல்லா வச்சிருந்தாங்களா, தாயி?" என்று கேட்டார்.

யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி. புகுந்த வீட்டைச் சொல்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு, எல்லோரும் நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதற்குள் செவிலியர் வந்துவிட்டார். நானும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். பஸ் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கொடுத்த ரத்தத்தின் அசதியில் பிறகு தூங்கிப்போனேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த மகன் போன் செய்தான். அம்மாவுக்கு எலும்பு கூடிவிட்டது, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், ஆனால் சரியாகச் சாப்பிடுவதில்லை. ரத்தம் கொடுத்த பிள்ளையைப் பார்க்கவேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். "ஒங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும். முடிஞ்சா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றான். எனக்கு வாரவிடுமுறை செவ்வாய்க்கிழமை. அன்று போனேன்.

தோப்புக்கு நடுவில் ஓட்டு வீடு. மருமகள் தேங்காய்ப்பால் விட்டு மீன்குழம்பு வைத்திருந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை அந்த அம்மா எனக்குப் பரிமாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டதும் மருமகளிடம், "தங்கச்சிக்குத் தேத்தண்ணி போடு" என்றார். தேநீருக்கு அந்த வார்த்தையை இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் வாயில்தான் கேட்டிருக்கிறேன். எங்கள் மலையிலும் அப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு. நீங்கள் அந்தப் பக்கமா என்று கேட்டேன்.

"ஆமா. லயத்துல பொறந்தவ நான்" என்றார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளிகள் குடியிருக்கும் நீளமான வரிசை வீடு. பிறகு, வெகு காலமாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்ததை எடுப்பதுபோல, நிதானமாகச் சொல்லத் தொடங்கினார்.

அவர்களுக்கு அங்கே குடியுரிமை இல்லை என்று இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா, அம்மா, ஏழு வயதில் அவர். கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, வேலை தருகிறோம் என்றவர்களை நம்பி இடம் மாறி மாறி, கடைசியில் கொடைக்கானல் மலையில் சீகை மரம் வெட்டும் கூட்டத்தோடு சேர்ந்தார்கள். வில்பட்டிக்கு மேலே காட்டோரத்தில் ஓலைக் குடிசைகள். அங்கே மரம் சாய்ந்து அப்பா இறந்தார். அப்போது அம்மா நிறைமாதம். ஒரு மாதத்தில் குழந்தை பிறந்தது. பிறந்த இருபதாவது நாள் காய்ச்சலில் அம்மாவும் போய்விட்டார். ஒன்பது வயதுப் பெண்ணும் இருபது நாள் குழந்தையும் மீதி.

"கூட்டத்துல இருந்தவங்க மோசமானவங்க இல்ல" என்றார். "அவங்களுக்கே கஞ்சி இல்ல. ஆட்டுப்பாலு கொஞ்சம் தந்தாங்க. சீனித் தண்ணி குடுத்தேன். மூணு நாளுல குட்டிக்கு அழக்கூடத் தெம்பில்ல. வேலை முடிஞ்சிருச்சு, எல்லாரும் கீழ எறங்கப்போறோம்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. பெரியவள எங்கயாவது வேலைக்கு விடலாம், சின்னது தாங்காதுன்னு பேசிக்கிட்டாங்க. நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

சிந்திக் கிடக்கும் கேரட் பொறுக்க அவர் அடிக்கடி அந்தக் கொட்டகைக்குப் போவாராம். மற்றவர்கள் விரட்டுவார்கள். புருஷனுக்குக் காப்பி கொண்டுவருகிற ஒரு பெண் மட்டும் விரட்டமாட்டாள். ஒருநாள் தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பன்னில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். இடுப்பில் எப்போதும் ஒரு பால்குடிப் பிள்ளை. அவளிடம் பால் இருக்கும் என்று ஒன்பது வயதில் இவர் யோசித்திருக்கிறார்.

"கூதல் தாங்காதேன்னு அப்பாவோட கம்பளிச் சட்டையில சுத்துனேன். ஒரு கைய அறுத்துத் தலைக்குக் குல்லாவா மாட்டுனேன். அந்தப் பொம்பள வர்ற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, மூட்டைக்கு நடுவுல வச்சேன். தூரத்துல தைலமரத்துக்குப் பின்னாடி நின்னேன். அவ வந்தா. பார்த்தா. தூக்கி நெஞ்சோட அணைச்சா. நான் ஓடிட்டேன்."

சட்டைக் கையை அறுத்துச் செய்த குல்லாவைப் பற்றி அம்மா என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் என் வீட்டுக்காரரிடம்கூட அதைச் சொன்னதில்லை. அந்த அம்மா முகத்தை மூடிக்கொண்டு, தன்னை மன்னிக்கும்படி கேட்டார். இத்தனை வருடத்தில் புருஷனிடமோ மகனிடமோ இதைச் சொன்னதில்லையாம். மகன் கொடைக்கானலுக்கு எத்தனை முறை கூப்பிட்டும், வளைவுகளில் வாந்தி வரும் என்று சொல்லி வந்ததே இல்லையாம்.

நான் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்பது வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள். அவளுக்கு ஷூ கயிறு இன்னும் சரியாகக் கட்டத் தெரியாது. அந்த வயதில் ஒருத்தி, செத்துப்போன தகப்பனின் சட்டையைக் கத்தரித்து, பால் இருக்கிற பெண் யார் என்று யோசித்து, அவள் வரும் நேரம் கணக்காகப் பார்த்து என்னைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். யாரோ வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன பிள்ளை நான் என்றுதான் ஐம்பது வருடமாக நினைத்திருந்தேன். அதில் எனக்குக் கோபமில்லை என்று சொல்லிக்கொண்டும் இருந்தேன். இருந்திருக்கிறது. அன்று அது போனபோதுதான் இருந்ததே தெரிந்தது.

"அக்கா" என்று கூப்பிட்டேன்.

அன்று மாலைவரை பேசினோம். எங்களைப் பெற்ற அம்மாவின் பெயரைச் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அம்மாவுக்கு அப்பா தாய்மாமன் முறை என்றும் சொன்னாள். அந்த டாக்டரின் நினைவு வந்து சிரித்துவிட்டேன். அக்கா எதற்கு என்று கேட்டாள், சொன்னேன், அவளும் சிரித்தாள். மலையிலிருந்து இறங்கியவர்கள் அவளை அய்யம்பாளையத்தில் ஒரு வீட்டில் மாடு மேய்க்க விட்டிருக்கிறார்கள். வேலை அதிகம், அடி கிடையாது. அந்த வீட்டு அம்மாதான் பின்னால் கல்யாணமும் செய்துவைத்தாராம். புருஷன் நல்ல மனிதர், போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள். பிற்பாடு மகன் வற்புறுத்தியதால் டி.என்.ஏ. சோதனையும் செய்தோம். காகிதம் வந்த அன்று அக்கா அதைப் பிரித்துப் பார்க்கக்கூட இல்லை.

என் கவலை எல்லாம் வில்பட்டியில் இருந்தது. அம்மாவுக்கு அப்போது எண்பத்தைந்து வயதுக்கு மேல். அப்பா இறந்து பல வருடம். மூத்த அண்ணன் வீட்டில் இருந்தாள். காது மந்தம், முழங்கால் வலி, மற்றபடி தெளிவு. பெற்ற குடும்பம் கிடைத்துவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து அவளைப் பார்க்கப் போவேன், ஏதேதோ பேசிவிட்டு வந்துவிடுவேன். மூன்றாவது ஞாயிறு அவளே, "என்னத்த முழுங்கிட்டு முழிக்கிற? சொல்லு" என்றாள்.

சொன்னேன். காதுக்குப் பக்கத்தில் போய்ச் சத்தமாகச் சொல்லவேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஒன்றைக் கத்திச் சொல்வது எவ்வளவு சங்கடம் என்று அன்றுதான் தெரிந்தது. அடுப்படியில் அண்ணி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். அம்மா நெடுநேரம் ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. நான் பயந்துபோய், எனக்கு எப்போதும் நீதான் அம்மா என்றேன். அதை அவள் காதில் வாங்கவில்லை.

"அந்தப் புள்ளைய வெரசாக் கூட்டிட்டு வா" என்றாள். "நான் இருக்கையிலேயே."

அடுத்த செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு வெள்ளனே கிளம்பிப் போய் அக்காவையும் அவள் மகனையும் அழைத்துவந்தார். வளைவுகளில் அக்காவுக்கு நிஜமாகவே வாந்தி வந்ததாம், மூன்று இடத்தில் நிறுத்தினாராம். வில்பட்டியில் இறங்கியபோது பனிமூட்டம் இறங்கிக் கொஞ்சமாகத் தூறிக்கொண்டிருந்தது. அக்கா சுற்றிலும் பார்த்தாள். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மாடிவீடுகள். அவளுக்கு எதுவும் அடையாளம் தெரியவில்லை. அதில் அவளுக்கு நிம்மதிதான் என்று நினைக்கிறேன்.

அம்மா நல்ல சேலை கட்டி, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா நடைவண்டியோடு வாசலில் தயங்கினாள். உள்ளே வந்து அம்மாவின் காலைத் தொடக் குனியப் பார்த்தாள். இடுப்பு வளையவில்லை. "நான்தாம்மா அன்னைக்கு..." என்று தொடங்கினாள்.

"தெரியும்" என்றாள் அம்மா. "மரத்துக்குப் பின்னாடி நின்ன. பச்சப் பாவாடை. கால்ல செருப்பில்ல. பன்னு வாங்கித் தின்ன புள்ள."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். பாவாடையைப் பற்றி அவள் என்னிடம் சொன்னதில்லை. ஐம்பது வருடமாக ஒவ்வொரு விவரத்தையும் சொல்லிச் சொல்லி வளர்த்த அம்மா, இதை மட்டும் சொன்னதில்லை.

"பார்த்தியாம்மா? அப்ப ஏன் கூப்பிடல?" என்று நான்தான் கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். அண்ணன் என் தோளைத் தொட்டான்.

அம்மா எனக்குப் பதில் சொல்லவில்லை. அக்காவிடம்தான் சொன்னாள்.

"தூக்குன நிமிசமே எனக்கு விட மனசில்ல. ஒன்னையக் கூப்பிட்டா, புள்ளையத் திருப்பிக் கேட்டுருவியோன்னு பயம். பார்க்காத மாதிரி திரும்பிக்கிட்டேன். ரெண்டு நாளு கழிச்சு மனசு கேக்காம மேல ஏறிப் போனேன். குடிசையெல்லாம் காலியாக் கெடந்துச்சு. விசாரிச்சேன், யாருக்கும் தெரியல. ரெண்டு பேரையும் சேர்த்து எடுத்திருக்கணும். ஒருத்தியத்தான் எடுத்தேன். பூசையில முழங்கால் போடுறப்பல்லாம் ஒன் மொகம்தான் வரும்."

அந்த அறையில் அப்போது அண்ணன், அண்ணி, என் வீட்டுக்காரர், அக்கா மகன் எல்லோரும் இருந்தோம். அக்கா கட்டிலின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்து அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க கூப்பிட்டிருந்தாலும் நான் வந்திருக்கமாட்டேம்மா" என்றாள். "தூக்குனதும் ஓடிரணும்னு நெனச்சுத்தான் நின்னேன். இருந்தா என்னையும் சேர்த்து வெரட்டிருவாங்கன்னு பயம் எனக்கு. ஓடிட்டேன். நீங்க கூப்பிட்டாலும் ஓடித்தான் இருப்பேன்."

அம்மாவுக்கு எல்லாமே காதில் விழுந்ததா தெரியவில்லை. அக்கா இன்னொரு முறை, பக்கத்தில் குனிந்து, அதையே சொன்னாள். அம்மா அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அப்பாவின் அடக்கத்தன்று மட்டும்தான்.

அக்கா சொன்னது உண்மைதானா, அம்மாவின் பாரத்தை இறக்க அந்த நேரத்தில் சொன்னதா என்று எனக்கு இன்றும் தெரியாது. பன்னில் பாதி கொடுத்த பெண் கூப்பிட்டால் பசியோடிருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளை ஓடிவிடுமா? பலமுறை யோசித்திருக்கிறேன். அக்காவிடம் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

அன்று மதியம் அண்ணி கோழிக்குழம்பு வைத்தாள். மற்ற இரண்டு அண்ணன்களும் வந்துவிட்டார்கள். பல்லை உடைத்த அண்ணன் அக்காவின் மகனிடம் தேங்காய் விளைச்சல் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். கண் கலங்குகிற விஷயங்களில் அவன் எப்போதும் அப்படித்தான். சாப்பிடும்போது அம்மா அக்காவின் தட்டையே கவனித்தாள். "போதும்மா" என்று அக்கா சொல்லச் சொல்ல, அண்ணியை விட்டு இன்னும் வைக்கச் சொன்னாள்.

அதன் பிறகு அம்மா இரண்டு வருடம் இருந்தாள். மாதத்தில் ஒருநாளாவது அக்கா மேலே வந்துவிடுவாள். வாந்திக்கு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வருவாள். அம்மாவுக்கு முழங்காலுக்குத் தேங்காயெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து தேய்த்துவிடுவாள். அம்மா அவளை மூத்தவள் என்று கூப்பிட ஆரம்பித்தாள். இதில் மூத்த அண்ணனுக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தம். அவனைவிட அக்கா ஒரே ஒரு வயதுதான் பெரியவள் என்று கணக்குச் சொல்வான். அம்மாவுக்கு அந்தக் கணக்குப் போதும். நான் எதற்காவது அடம் பிடித்தால், "மூத்தவ வரட்டும், சொல்றேன்" என்பாள். ஐம்பது வயதுக்கு மேல் ஒருத்திக்கு இப்படிப் புகார் சொல்லப்படும் பாக்கியம் கிடைப்பதை நினைத்து, நான் வேண்டுமென்றே சில நாட்கள் அடம் பிடித்ததும் உண்டு.

போன ஆண்டு மழைக்காலம் முடிகிற சமயத்தில் அம்மா தூக்கத்திலேயே இறந்துவிட்டாள். செய்தி கேட்டதும் அக்கா நான்கு மணிநேரத்தில் வந்துவிட்டாள். அம்மாவைக் குளிப்பாட்டிச் சேலை கட்டியது நாங்கள் இருவரும்தான். ஊரில் ஒட்டுவதற்கான கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியை மூத்த அண்ணன் எழுதிக்கொடுத்து அச்சடித்து வாங்கி வந்தான். எனக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. என் வீட்டுக்காரர்தான் படித்துக்காட்டினார். அதில் மகன்கள் என்று மூன்று பெயர்கள், மகள்கள் என்று இரண்டு பெயர்கள். அக்காவின் பெயர் முதலில் இருந்தது. அண்ணன் யாரையும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. பந்தலில் நாற்காலி போடுகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தான்.

கோயிலில் எங்கள் வரிசையிலேயே அக்காவும் இருந்தாள். அவள் வீட்டில் முருகனுக்கு விளக்கேற்றுகிறவள். எப்போது எழுந்திருக்கவேண்டும், எப்போது உட்காரவேண்டும் என்று தெரியாமல் என்னையே ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தாள். முழங்கால் போடும் நேரத்தில் அவளும் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு குனியப் போனாள். வேண்டாம், உனக்கு முடியாது, உட்கார் என்று காதில் சொன்னேன். அவள் கேட்கவில்லை. நானும் பல்லை உடைத்த அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளை மெல்ல இறக்கிவிட்டோம். எழுப்புவதற்குத்தான் ரொம்பப் பாடுபட்டோம்.